பனங்கிழங்கு என்றால்தான் கதவு திறக்கும்

இடது கை அரிசியில் கல் பொறுக்குகிறது. வலது கை எழுதுகிறது. கால் கட்டைவிரல் தொட்டில் கயிற்றை இழுக்கிறது. வாய் மட்டும் சும்மா இருக்கிறது. அது எப்போதும் அப்படித்தான். அஞ்சாம் கிளாஸோடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

இது ரேஷன் அரிசி. அரிசிக்குப் பாதி கல் என்று தெருவில் எல்லாரும் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். இந்த அரிசி மறுபடியும் என் முறத்துக்கு வந்ததே பெரிய அதிசயம். என் பெயருக்கு வந்த கல் என்று நினைத்தால், கல்லைத் தூரப் போடக்கூட மனசு வரவில்லை.

என் பெயர் ஆறுமுகத்தாய். தாராவியில் ஒரே ரூமில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் பர்ஸ், பெல்ட் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அவர் பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், பெண்டாட்டி வாயால் பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். பிரசவத்துக்குப் போனபோது நர்ஸ் அம்மா புருஷன் பெயரைக் கேட்டாள். எனக்கோ வலி. பக்கத்து ரூம் கோமதியம்மாள் அக்காவின் முகத்தையே பார்த்தேன். அக்கா வந்து சொன்ன பிறகுதான் பாப்பா பிறந்தாள்.

எழுதினால் குறையுமா என்று தெரியவில்லை. எதற்கு வம்பு? வேறு யாராவது சொல்லும்போது மட்டும் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் பையையும் கார்டையும் எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். என் முறை வந்தது. கடைக்காரர் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"சக்கர் தோ தும் லே கயா," என்றார்.

சீனியை நீதான் வாங்கிக்கொண்டு போய்விட்டாயே என்கிறார்.

நான் வாங்கவில்லை என்று தலையாட்டினேன். அவர் வாங்கினாய் என்று தலையாட்டினார். பிறகு விவரமாகச் சொன்னார். என் கார்டு தொலைந்துவிட்டதாம். நானே எழுதிக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கிக்கொண்டேனாம். புதுக் கார்டில் சீனி, பாமாயில், கோதுமை எல்லாம் வாங்கியாயிற்றாம்.

தொலைந்துபோன கார்டு என் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

அம்மாடி! நான் வீட்டில் தூளி ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு நான் கடைக்கு வந்து லைனில் நின்று சீனி வாங்கியிருக்கிறேன். எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லையே!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. தாராவியில் கார்டுதான் ஆள். ஆஸ்பத்திரியில் கார்டு, பள்ளிக்கூடத்தில் கார்டு, ரூமை அளந்து நம்பர் போட வருகிற கவர்மெண்டு ஆட்கள் கேட்பதும் கார்டு. நாளைக்கு அவர்கள் வந்து நின்றால், நல்ல கார்டு யார் கையில் இருக்கிறதோ அவளைத்தான் இந்த ரூமுக்காரி என்று எழுதுவார்கள். இவருடைய பெண்டாட்டி என்றும் எழுதுவார்கள். அப்போது நான் யார்? பாப்பா யார்?

சாயங்காலம் இவர் வந்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"நம்ம ரேஷன் கார்டை யாருக்காவது குடுத்தீகளா?"

"நானா? என்னைய யாருன்னு நெனச்சே? கட்டிங் மாஸ்டர்! ஒரு அங்குலம் தோலு வெளிய போவுமா நம்ம கையவிட்டு?"

"தோலு இல்ல. கார்டு."

"குடுக்கல்ல." டீயைக் குடித்தார். "காட்டினேன்."

"யாருக்கு?"

"கியாஸ்காரருக்கு."

"எந்த கியாஸ்காரரு?"

"ட்ரெயின்ல வந்தாரு. கையில சூட்கேஸ், கழுத்துல டை. வரிசையில நிக்காம நமக்கு கியாஸ் கனெக்சன் வாங்கித் தாரேன்னாரு. நீ அடுப்புப் புகையில கண்ணக் கசக்குதியேன்னுதான்..."

"காட்டினீகளா, குடுத்தீகளா?"

"காட்டத்தான் செஞ்சேன். அவரு கொஞ்ச நாளு வச்சுப் பாத்தாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"திருப்பிக் குடுத்துட்டாருட்டி! லட்டோட குடுத்தாரு! அன்னைக்கு நீகூட ரெண்டு தின்னியே?"

தின்றேன். நெய் லட்டு. என்னையே விற்ற லட்டு என்று அன்றைக்குத் தெரியவில்லை.

"வேற என்ன கேட்டாரு?"

"எம் பேரு, எங்கப்பா பேரு, ஊரு, ஒம் பேரு, ஒங்கம்மா பேரு, பாப்பா பொறந்த நாளு. என்னா மரியாதைங்கிற! என்னையப் பத்தி இத்தன கேள்வி ஒருத்தரும் கேட்டதில்ல. எழுதுறதுக்கு அவரு கஷ்டப்படக் கூடாதேன்னு நானே எழுதிக் குடுத்தேன்."

"கையெழுத்து?"

"அது கீழ போட்டேன்."

எங்கள் ரூமுக்கும் அக்கா ரூமுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோமதியக்கா குரல் வந்தது.

"ஏ வானமாமலை! ஒன் ஜாதகத்தக் கேக்கலியா அவன்?"

"கேக்கல்ல அக்கா."

"கேட்டிருந்தா?"

"பெட்டிக்குள்ளதான் இருக்கு."

பலகை தலையில் அடித்துக்கொண்டது. பிறகு, "விடிஞ்சதும் ரேஷன் ஆபீசுக்குப் போயி எழுதிக் குடுல. களவு போனதக் களவு போன அன்னைக்கே சொல்லணும்," என்றது.

இவர் எழுந்து நின்றார். ரூமில் எழுந்து நின்றால் தலை தகரத்தில் இடிக்கும். இடித்தது. அதைக் கவனிக்காமல் சொன்னார்.

"ஆபீசுக்கு எவன் வேணும்னாலும் போவான். நான் பாதுகாப்பு ஏற்பாடு பண்ணப் போறேன். இனிமே நம்ம வீட்டு விசயம் ஒரு எறும்புக்குத் தெரியாது!"

ஆபீஸுக்குப் போனால் லட்டு விஷயத்தைச் சொல்லவேண்டி வருமே என்று அவருக்கு வெட்கம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புத்தான். ஒரு மனுஷர் தலைக்குள் இவ்வளவு யோசனையா!

முதலில் கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார். அந்த வாரமே என் அம்மா போட்ட கடுதாசி வீடு தெரியாமல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது.

அடுத்தது, யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார். "திரும்புனாத்தானே நாந்தான் அவன்னு தெரியும்?" என்றார். தெருவில் ஆள் ஆளாகக் கூப்பிட்டார்கள். இவர் செவிடு மாதிரி நடந்தார். பட்டறையில் தீபாவளிக்குச் சட்டைத்துணி கொடுத்தபோது முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். இவர் திரும்பவில்லை. அந்தத் துணியைப் பக்கத்து மிஷின்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "பாத்தியா, நம்ம ஏற்பாடு எப்படி வேல செய்யுது!" என்று வெறும் கையோடு வந்து சொன்னார்.

அப்புறம் ரகசியச் சொல்.

"நானே வந்தாலும் கதவத் தொறக்காத. மொதல்ல ரகசியச் சொல்லு சொல்லுவேன். அது சரியா இருந்தாத்தான் தொறக்கணும். என்ன சொல்லு வைக்கலாம்?"

நான் யோசித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"பனங்கிழங்கு!" என்றார். "பம்பாய்க்காரனுக்குக் கனவுலயும் வராது."

மறுநாள் பட்டறை விட்டு வந்தார். கதவைத் தட்டினார். உள்ளே பாப்பா அழுகிற சத்தம். அதில் அவர் தட்டினது எனக்குக் கேட்கவில்லை.

"பனங்கிழங்கு," என்றார்.

கேட்கவில்லை.

"பனங்கிழங்கு!"

எதிர் வீட்டுக்காரி மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டீ! ப-ன-ங்-கி-ழ-ங்-கு!"

திறந்தேன். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது.

விடிந்ததும் பால்கார பய்யா வந்தான். அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கதவைத் தட்டி, "பனங்கிழங்கு, பாபி!" என்றான். பாபி என்றால் அண்ணி. துணி தேய்க்கிறவன், உப்பு விற்கிறவள், குழாயடியில் குடம் கேட்டு வந்தவள், எல்லாரும் அதையே சொன்னார்கள். கோமதியக்கா பலகையைத் தட்டி, "ஏட்டி, ஒம் மாப்பிள்ள பட்டற வேலைய விட்டுட்டு கெழங்கு விக்கப் போறாகளா? நம்மூருக் கெழங்குன்னா எனக்கும் ஒரு கட்டு எடுத்து வை!" என்றாள்.

கடைசி ஏற்பாடுதான் பெரியது. பட்டறையில் மிஞ்சின நல்ல தோலில் ஒரு பெல்ட் வெட்டிக்கொண்டு வந்தார். உள்ளே பை மாதிரி இடம். கார்டை மடித்து அதில் வைத்து வாயைத் தைத்துவிட வேண்டும். சட்டைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற மாட்டார்.

"பட்டறையில தைச்சா நாலு பேரு பாப்பான். நீயே தைச்சிரு. மெழுகு நூலு, ரெட்டைத் தையல்," என்றார்.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருகிற பர்ஸ்களுக்குக் கைத்தையல் போடுகிறவள் நான். தைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

"அப்ப ரேசன் எப்பிடி வாங்குறது?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதுகாப்பு முக்கியமா, சீனி முக்கியமா?"

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ரூமுக்குள் நடந்து காட்டினார். ராணுவத்தில் இருக்கிறவர் மாதிரி இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படியே கொஞ்சநாள் போனது. ஒருநாள் கோமதியக்கா சீமெண்ணெய் வாங்கக் கிளம்பினாள். கேன் தூக்க நானும் துணைக்குப் போனேன். இடுப்பில் பாப்பா. பாப்பா எந்நேரமும் பாலுக்கு அழுவாள், அதனால் பால்பவுடர் டின், சுடுதண்ணீர் பாட்டில், கிண்ணம் எல்லாம் ஒரு பையில்.

லைனில் எங்களுக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். நைலக்ஸ் சேலை. குதி வைத்த செருப்பு. கையில் தங்கக் கலரில் வாட்ச். அவள் முறை வந்தது. கடைக்காரர், கார்டு யார் பெயரில் என்று கேட்டார்.

"வானமாமலை. என் ஹஸ்பெண்ட்," என்றாள்.

எனக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஒரு வாய் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இப்படிப் பளிச்சென்று! பட்டப்பகலில்! பட்டறையில் இவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா... அவ... அவ..."

"என்னட்டி?"

"பேரச் சொல்லுதா."

"எந்தப் பேர?"

நான் தாலியைத் தொட்டுக் காட்டினேன்.

அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேனைக் கீழே வைத்தாள். வாட்ச் கட்டின கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வாட்ச் நின்றிருக்கும்.

"யாருட்டி நீ?"

"மிஸஸ் வானமாமலை. ஆறுமுகத்தாய்," என்றாள் அவள்.

ஆறுமுகத்தாய் என்ற பெயருக்கு வாட்ச் கட்டலாம், குதி செருப்பு போடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் பெயர் அவள் வாயில் எவ்வளவு நன்றாக இருந்தது! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் துளியும் பயப்படவில்லை. "பழைய கார்டு தொலைஞ்சுபோச்சு. அதை எடுத்தவங்க இவங்கதான் போல. வாங்க ஆபீஸுக்கு, நானே பிடிச்சுக் குடுக்கிறேன்," என்று எங்களுக்கு முன்னால் நடந்தாள். கடைக்காரர், கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். யாரோ பட்டறைக்கு ஓடி இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் முதலில் வர மாட்டேன் என்றாராம். தோளைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

ரேஷன் ஆபீஸில் பெரிய அதிகாரி கதம் சாகிப். சாத்தாரா ஊர் மராட்டிக்காரர். மேலே காற்றாடி, மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமி படம். கவர்மெண்டு நாற்காலி. அவர் இந்தியில்தான் கேட்டார். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

வாட்சுக்காரியிடம் முதலில் கேட்டார். அவள் மணிமணியாகச் சொன்னாள். புருஷன் பெயர் வானமாமலை. மாமனார் பெயர் இசக்கிப்பாண்டி. ஊர் நாங்குநேரி. அவள் அம்மா பெயர், அதாவது என் அம்மா பெயர். எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் இவர் பெருமையாகத் தலையாட்டினார்.

"நீ ஏன்யா தலையாட்டுறே?" என்றார் சாகிப்.

"கரெக்டா சொல்லுதாக சார்."

"நீ யாரு?"

"நாந்தான் அந்த வானமாமலை."

"இவர் போலி சார்," என்றாள் அவள். "வானமாமலை வேலைக்குப் போயிருக்கார்."

அவள் சொல்லச் சொல்ல நான் தாலியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவைக்கும் இவர் ஆயுசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறதே! போதும், சொல்லாதே என்று அவள் காலில் விழலாமா என்றுகூட இருந்தது.

சாகிப் இவரிடம் கேட்டார். "குழந்தைக்கு எத்தனை மாசம்?"

இவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லு. அந்தம்மாவைப் பார்க்காதே."

"பல்லு வந்துட்டு சார்," என்றார் இவர்.

"உன் கார்டு எங்கே?"

இவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங் கார்டு களவு போவாது சார்! ஒடம்போட இருக்கு!" என்று சட்டையைத் தூக்கினார். பெல்ட் பளபளத்தது. லைனில் நின்ற ஜனம் கிட்டத்தில் வந்தது. இவர் பெல்ட்டின் வாயைப் பிரித்தார். பிரியவில்லை. பல்லால் இழுத்தார். வரவில்லை. பியூன் பிளேடு கொடுத்தார். பிளேடு ஒடிந்தது. மெழுகு நூல், ரெட்டைத் தையல். நான் தைத்தால் பிரியாது.

"என்ன தையல் பாருங்க சார்," என்றார் இவர், வியர்க்க வியர்க்க.

கடைசியில் சாகிப்பே நாற்காலியை விட்டு எழுந்து, ஃபைல் வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்தார். வெட்டினார்கள். இவர் உள்ளே விரலை விட்டு எடுத்து மேஜையில் வைத்தார்.

கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது.

பால்பவுடர் பாக்கெட்டின் அட்டை.

"இதுதான் உன் ரேஷன் கார்டா?" என்றார் சாகிப்.

வாட்சுக்காரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். இவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பாப்பாவைக் கோமதியக்கா கையில் கொடுத்தேன். பையைத் திறந்தேன். பால்பவுடர் டின்னைத் திறந்தேன். பவுடருக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பைக்குள் இருந்த எங்கள் கார்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, மேஜை மேல் வைத்தேன்.

"ஏட்டி... என்னட்டி இது?"

"வேர்வ."

"என்ன வேர்வ?"

"ஒங்களுக்கு ரொம்ப வேர்க்கும். மை கரைஞ்சிரும்லா... அதான் தைக்கும்போது..."

"அப்ப இத்தன நாளா நான் எதக் காவல் காத்தேன்?"

மேஜையிலிருந்து குழந்தை சிரித்தது.

"டின்ல வச்சிருக்கேன்னு எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா? நான் பாத்திருப்பேன்லா!"

"நீ எங்கல பாக்க?" என்றாள் கோமதியக்கா. "அந்த டின்னத் தொறந்தா பிள்ளைக்குப் பாலு கலக்கணுமே!"

சாகிப் மேஜையைத் தட்டினார். எல்லாரும் அடங்கினோம். இப்போது ரெண்டு கார்டு. ஒன்று புதுசு. ஒன்று பால் வாசனை. ரெண்டிலும் ஒரே பெயர்.

"நீ சொல்லும்மா. உன் புருஷன் பேர் என்ன?" என்றார் என்னிடம்.

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லுட்டி!" என்றார் இவர். "கார்டு போவப் போவுது! ரூம் போவப் போவுது! இந்த ஒரு வாட்டி சொல்லிரு! நான் செத்துற மாட்டேன்!"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இந்த ஒரு சொல் சொன்னால் நான் நானாகிவிடுவேன். ரூம் எனக்கு, பாப்பாவுக்குத் தகப்பன், எல்லாம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில்தான் இவர் உயிரும் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாருங்க சார், புருஷன் பேரே தெரியலை," என்றாள் வாட்சுக்காரி. "வானமாமலை! இதைச் சொல்ல என்ன கஷ்டம்?"

சாகிப் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க சாத்தாரா பக்கத்துல என் பெண்டாட்டி கல்யாணத்தன்னைக்கு ஒரு பாட்டோட சேர்த்து என் பேரைச் சொன்னா. அதோட சரி. பேரைச் சொல்லி யார் வேணும்னாலும் கூப்பிடலாம். பேரைச் சொல்லாம கூப்பிட ஒருத்தியாலதான் முடியும்."

இவரை வெளி வராண்டாவுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். அங்கே எத்தனையோ முதுகு. பிறகு, "ரெண்டு பேரும் உங்க உங்க புருஷனைக் கூப்பிடுங்க," என்றார்.

"என் புருஷன் வேலைக்கு..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"பரவாயில்லை. அந்தப் போலியைக் கூப்பிடு. வராரா பார்க்கலாம்."

"வானமாமலை!" என்று கூப்பிட்டாள்.

ஒரு முதுகும் அசையவில்லை. இவர் முதுகு எனக்குத் தெரியும். மற்ற எல்லா முதுகையும்விட அதிகமாக அசையாமல் இருந்தது. பெயர் சொன்னால் திரும்பாத முதுகு அல்லவா!

"வானமாமலை! ஏ வானமாமலை!"

கல்.

"இப்ப நீ. வீட்டில எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு."

வீட்டில் நான் கூப்பிடுவதே இல்லை. அவர் திரும்புகிற வரைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். இத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னவென்று கூப்பிடுவேன்? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதுவும் இவரே கொடுத்த சொல்.

"பனங்கிழங்கு," என்றேன்.

காற்றாடிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து போடாத சத்தம் போட்டேன்.

"பனங்கிழங்கு!"

அம்மாடி, என்ன ஓட்டம்! வராண்டாவில் ஸ்டூல் உருண்டது. ஒரு ஆளின் பை கொட்டியது. இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மேஜை முன்னால் நின்று, "நாந்தான்! நாந்தான்! வந்துட்டேன்!" என்று மூச்சு வாங்கினார்.

சாகிப்புக்கு விளங்க வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளங்கின பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மேஜைக் கண்ணாடி நடுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதவைச் சாத்து, போலீஸுக்கு ஆள் அனுப்பு," என்று பியூனிடம் திரும்பினார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே வாட்சுக்காரி போய்விட்டிருந்தாள். குதி செருப்பின் சத்தம்கூடக் கேட்கவில்லை. புதுக் கார்டு மேஜை மேலேயே கிடந்தது.

அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வேறு எந்தப் பெயரில் இப்போது வாட்ச் கட்டியிருக்கிறாளோ.

சாகிப் அந்தக் கார்டில் குறுக்கே கோடு போட்டார். என் கார்டில் முத்திரை குத்தினார். குத்தின சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது. பிறகு இவரிடம், "போலீஸில் எழுதிக் குடு. கியாஸ் ஆபீஸில் சொல்லி வை. வழியில பார்த்தவனுக்கெல்லாம் கார்டையும் கையெழுத்தையும் குடுக்காதே. இது நடந்த அன்னைக்கே நீ இங்க வந்திருக்கணும்," என்றார். "கார்டு இனிமே அந்தம்மா கையில இருக்கட்டும்." கடைசியாக, "போயிட்டு வாங்க, பனங்கிழங்கு சாகிப்," என்றார்.

வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் இவர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். பாலம் தாண்டினதும் நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தியா நம்ம ஏற்பாடு? ரகசியச் சொல்லு இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

"ஆமா," என்றேன். உண்மைதானே. இவர் மட்டும் அன்றைக்கு அந்தச் சொல்லை யோசிக்கவில்லை என்றால்! நினைத்தால் இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது.

தெருவில் இப்போது இவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டறையில் முதலாளிகூட, 'பனங்கிழங்கு, இங்க வா' என்றுதான் கூப்பிடுகிறார். இவருக்குக் கோபம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எத்தனை பேர் எத்தனை தடவை கூப்பிட்டாலும் இவர் ஆயுசுக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே பால்பவுடர் டின்னைத் திறந்து பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவை. கார்டு இல்லை.

"கார்டு எங்கட்டி?"

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு சொல்லு."

"நீங்கதான சொன்னீக, யாரு கேட்டாலும் சொல்லாதன்னு."

"நான் கேட்டாலுமா?"

"நானே வந்தாலும்னு சொன்னீக."

பலகைக்கு அந்தப் பக்கத்தில் அக்கா இருமினாள்.

மாவுச் சட்டி, சாமி படம், பாப்பா தலையணை என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டார். இன்னும் தேடுகிறார். அவருக்குக் கிடைக்காது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நீங்கள் வெளியே விட மாட்டீர்கள். யாருக்கும் சந்தேகமே வராத இடம். இவர் கண்ணுக்கு முன்னாலேயேதான் இருக்கிறது. தினமும் காலையில் இவர் தொடாமல் பட்டறைக்குக் கிளம்பவே முடியாது, அவ்வளவு பக்கத்தில். அது எங்கே என்றால்...

கதவு தட்டுகிற சத்தம். "பனங்கிழங்கு! ஏட்டி, பனங்கிழங்கு!" இவர்தான். இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். இதோ திறக்கப் போகிறேன். கார்டு எங்கே இருக்கிறதென்றால், இவருடைய...